பதினொரு மணித் தபால்

மட்டாஞ்சேரி
9-7-1982

சௌபாக்கியவதி சீதாலக்ஷ்மிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு முட்டுவலி தவிர வேறொன்றுமில்லை. எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பயமாக இருக்கிறது.

உன் தம்பி வாஞ்சிக்குக் காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கி ஒரு வருஷமாகிறது, குணமாகிவிட்டான் என்றே நினைத்திருந்தேன். ஆனால் அவன் சிரிப்பதில்லை, சொன்னாலொழியக் குளிப்பதில்லை, முன்னால் வைத்த சாயா ஆறி ஆடை கட்டிக் கிடக்கிறது. சோம்பேறி என்று கத்தினேன், அதற்குக்கூட அவனுக்குக் கோபம் வரவில்லை. போன வாரம் படகேறி எறணாகுளம் கூட்டிப்போனோம். டாக்டரம்மா ஒரு மணி நேரம் உட்காரவைத்து, குரலுக்குப் பயந்து ஒதுங்குகிறானா, மனசு வாடியிருக்கிறானா, மாத்திரையால் கைகால் விறைக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது சோம்பல் இல்லை, இதுவும் அந்த நோய்தான், இதற்கு எல்லோருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது, இவன் தானாகச் செய்வது ஏதாவது உண்டா, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். ஒன்றுமில்லை என்றேன் நான். அம்மாதான், தெனம் பதினோரு மணிக்கு வாசல்ல போய் நிக்கறான், அது மட்டும் உண்டு என்றாள். அது தபால்காரர் வரும் நேரம்.

உன்னிடம் மறைப்பானேன், வாஞ்சிக்கென்று நீ எழுதும் வரிகளை, அவன் மனசு கலங்கிவிடக் கூடாதென்று, உரக்க வாசிக்கும்போது நான் விட்டுவிடுவது வழக்கம். அக்கா தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றுதான் அவன் எண்ணியிருப்பான். அப்படியும் தினம் போய் நின்றிருக்கிறான். நான் செய்தது பாவம்.

இப்போது தபாலை அவனே வாங்குகிறான். அடுத்து, இந்தக் கடிதத்தை அவன் தனியாகக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் ஏற்பாடு. பெட்டி இருப்பது படகுத்துறையில், மழைக்காலத் தண்ணீரை நினைத்தால் நானும் கூடவே போய்விடலாமா என்று தோன்றுகிறது. பின்னால் போகக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார் என்ற பயம் வேறு. நீ ஐந்தாம் மாசத்தில் பாரம் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு.

இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். பதில் உறையில் என் பேர் வேண்டாம், ஸ்ரீ என். வாஞ்சிநாதன் என்று எழுது. மறந்துவிடாதே. அவன் செருப்பு மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். இது உன் கைக்கு வந்தால், பெட்டி வரை போய்விட்டான் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
வாசலில் நிற்கப்போகும் அப்பா
நீலகண்டன்