திசோனை நான்தான் அவிழ்த்துவிட்டேன்

அன்பு மகள் தனாயேவுக்கு அம்மா எழுதுவது. நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், நீயும் அந்தப் புந்தா அரேனாஸ் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று உனக்கே தெரியும். நம் நாய் திசோன் செத்துப் போனான். உட்கார்ந்து படி. போனில் சொல்லத்தான் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் உருளைக்கிழங்கு, மழை என்று ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்து எலியேசரின் ஆட்டுக்குட்டிகள் குதறப்பட்டுக் கிடந்தன என்று சொன்னேன் அல்லவா, அதில் ஆரம்பித்தது. அந்த மனுஷன் காலையிலேயே வந்து திசோனின் வாயைப் பிளந்து பார்த்தார், பல்லிடுக்கில் கம்பளி மயிர் இருந்தது. போதாதா? நம் தீவில் அதற்கப்புறம் பேச்சே கிடையாது, வளர்த்தவர் கையாலேயே முடிக்க வேண்டும். 'உன் கையால முடி யஸ்னா, இல்லன்னா ஞாயிறுக்குள்ள தீவை விட்டுக் கடத்து' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கத்தினேன், எலியேசர் காது கொடுக்கவில்லை. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சைத்தேனில் உன் மாமா நோல்பெர்த்தோ விறகு வெட்டுகிறானே, அவனிடம் விட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

கெயோன் துறைமுகம்வரை நம் தீவு லாஞ்சுப் படகில் ஒரு தொல்லையும் இல்லை. மூட்டைகள்மேல் ஏறி மூக்கைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு வந்தான், லாஞ்சு ஓட்டும் மார்சியால்கூட 'என்ன யஸ்னா, இவன் பயணியா கைதியா? கைதின்னா டிக்கெட் வேணாம்' என்று சிரித்தான். பெரிய ஃபெரியில்தான் வம்பு. வாசலில் நின்றவன் 'நாய் மேல்தட்டுக்கு வரக் கூடாதும்மா, வண்டிக்குள்ள இருக்கணும் இல்ல கூண்டுக்குள்ள இருக்கணும். வண்டி எங்க, கூண்டு எங்க?' என்றான். ரெண்டும் இல்லை என்றேன். 'அப்ப நாயும் இல்ல' என்றான். விடுவேனா, வரிசை முழுக்க ஹாரன் அடிக்கும்வரை சண்டை போட்டேன். பின்னால் ஆட்டு லாரியில் இருந்த ருப்பெர்த்தோ என்பவர் தலையை நீட்டி, 'அக்கா, கத்தி முடிச்சாச்சுன்னா என் கேபின்ல போடு, என் முகத்தைப் பாத்துக் குரைக்காம இருந்தா சரி' என்றார். நல்ல மனுஷர். சீட்டுக் காலில் திசோனைக் கட்டிவிட்டு, 'அவுக்காத அக்கா, இது உங்க லாஞ்சு இல்ல' என்று சொல்லிவிட்டுத்தான் சக்கரத்துக்குச் சங்கிலி போட இறங்கினார்.

நான் கேட்கவில்லை. கடலில் நாயைக் கட்டி வைக்க எனக்குக் கை வருமா? நம்மில் யார் கட்டுவார்கள்? படகு கவிழ்ந்தால் நாயாவது நீந்திக் கரை சேரட்டும் என்றுதானே அவிழ்த்துவிடுகிறோம், உன் பெரியப்பாவின் படகு முழுகியபோது நனைந்து வந்து நின்று செய்தி சொன்னதே அவர் நாய்தான். அதனால் கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். டீசல் நாற்றம் தாங்காமல் கண்ணாடியையும் இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டேன். அதற்குள் எல்லோரையும் மேலே விரட்டிக் கீழ்க்கதவைப் பூட்டிவிட்டார்கள்.

வளைகுடா நடுவில் காற்று பிடித்தது. ஃபெரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, எழுந்து, திரும்பச் சாய்ந்தது, கீழே சங்கிலிகள் அலறின. என் நாயை ஒரு தடவை பார்க்க விடுங்கள் என்று கதவடியில் நின்றவனிடம் கெஞ்சினேன். 'நாய்க்கு ஒண்ணும் ஆகாது, கீழ போனா உனக்குத்தான் ஆகும், உக்காரும்மா' என்றான். சைத்தேன் வந்து கதவைத் திறந்தபோது கேபின் காலி. ருப்பெர்த்தோதான் தேடிக் கண்டுபிடித்தார். இறக்கின கண்ணாடியில் வெளியே குதித்து, கம்பிச் சந்து வழியாக அவருடைய லாரியின் பின்பக்கத்துக்குள், ஆடுகளிடம் போயிருக்கிறான். சாய்ந்த பக்கம் ஆடுகள் மொத்தமாகச் சரிந்து கிடந்தன, ஒவ்வொன்றாக இழுத்துவிட்டோம், அடியில் கிடந்தான். மூச்சு இல்லை. ஒரு ஆட்டின் மேலும் பல் படவில்லை மகளே, நான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். 'ஆடு கொல்ற நாய் பயந்தா ஆட்டுக்கிட்டயா போய் ஒண்டும் அக்கா? இது அதுங்களோட வளந்த நாய்' என்றார் ருப்பெர்த்தோ. அடுப்படியில் தாயில்லாத குட்டிகளோடு சேர்த்து நீ அவனுக்குப் புட்டிப்பால் கொடுத்தது அவருக்கு எப்படித் தெரியும்? இன்னும் நம் ஆடுகளோடுதான் ஒண்டிப் படுப்பான், அந்தக் கம்பளி மயிர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நோல்பெர்த்தோ அங்கேயே புதைக்கச் சொன்னான், மாட்டேன் என்றேன். தீவனச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு அதே ஃபெரியில் ஏறினேன். திரும்பி வரும்போது மேலேதான் வந்தான், பயணிகள் இருக்கையில், என் மடியில். சாக்கில் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

நம் தீவுத் துறையில் எலியேசர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். 'நீ கிளம்பிப் போன அன்னிக்கு ராத்திரி இன்னும் ரெண்டு குட்டி போச்சு யஸ்னா' என்றார். சாக்கை அவர் காலடியில் வைத்து, தூக்கு என்றேன். வீடுவரை தூக்கி வந்து, மழையில் ஆப்பிள் மரத்தடியில் அவரே குழி வெட்டினார். நான் குடிக்க ஒரு வாய் மாத்தே டீகூடக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாள் அவர் தோட்டத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது, அதற்கப்புறம் அவர் வீட்டு நாய் குரைக்கவில்லை.

என்னைத் திட்டவேண்டும் என்றால் திட்டு. ஆனால் இதைச் சாக்காக வைத்து நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றாயோ, முதுகைப் பிளந்துவிடுவேன். பாதியில் விட்டவள் இந்த வீட்டில் நான் ஒருத்தி போதும். கன்னி மாதா உன்னைக் கண்போலக் காக்கட்டும், எல்லா நல்லதும் உனக்கு வரட்டும். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், அதற்குள் சுருட்டி அவன் கழுத்துப்பட்டை இருக்கிறது, பார்த்துப் பிரி. கழுவவில்லை, இன்னும் அவன் வாசனை இருக்கிறது.

உன் அம்மா,
யஸ்னா