பூனைக்கு வைத்த பால் கிண்ணம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அது தனி ஆள் மாதிரி நடந்துகொள்கிறது. அங்கே நீயும் மருமகளும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இதை உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்திருக்கிறது, எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நோயாளிகளைக் கவனிக்கும் படிப்பில் என்னைச் சேர்த்துவிட்டாயே, வாத்தியாரையும் பார்க்காமல் வகுப்பையும் பார்க்காமல் ஃபோனிலேயே படிக்கிற படிப்பு, அதில் பாடத்தைவிட எனக்குப் பிடித்தது அந்த வலைப்பூதான். ஐந்தாவதோடு நின்றவள், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள், நான் எழுதினதை யார் யாரோ படித்துவிட்டுக் கீழே பதில் எழுதுகிறார்கள் என்றால் சும்மாவா. ஒவ்வொரு வாரமும் என்ன கற்றோம் என்று எழுத வேண்டும், மற்றவர்கள் அதன் கீழே எழுத வேண்டும், டீச்சர் வைத்த சட்டம் அது. லிஃப்ட் ஓட்டுகிற ஒரு அண்ணன் இருக்கிறார், அவர் எழுதுவதும் மேலே போய்க் கீழே வந்துதான் முடியும். இன்னொருத்தி சுண்டெலி. அவளே வைத்துக்கொண்ட பெயர், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சமையலறை மூலையில் ஒளிந்து படிக்கிறாளாம். ஊரும் தெரியாது, முகமும் தெரியாது. ஆனால் மணிக்கட்டில் நாடி பிடிப்பது எனக்குப் பிடிபடாமல் தவித்தபோது விரலை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதினவள் அவள்தான்.

அவள் எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், ஃபோனை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைப்பதாக. உன் அம்மாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பதிலை அவளுக்குத் தனியாக அனுப்பாமல் வலைப்பூவில் அவள் எழுதினதற்குக் கீழே எழுதிவிட்டேன். மாவு டப்பாவுல ஃபோன வெக்காதடி, உள்ள மாவு போயிடும், உங்க வீட்டுப் பூனைக்கு ஒரு கிண்ணம் பால ஊத்திட்டு வெளிய உக்காந்து தைரியமா படி என்று. அம்மா, அது எல்லாரும் படிக்கிற இடம் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். எல்லாரும் என்றால் எங்கள் வகுப்பு என்றுதான் நான் நினைத்தேன். அதை அவள் மச்சினன் பார்த்து அவள் வீட்டுக்காரருக்குக் காட்டியிருக்கிறான்.

மறுநாள் அவள் பெயரிலேயே ஒரு வரி வந்தது. நான்தான் அந்தப் பூனை, எந்தம்பி எல்லாத்தையும் காட்டிட்டான், இனிமே இவ இங்க வர மாட்டா. அவ்வளவுதான். சலவைக்கூடத்தில் தலையணை உறைக்குள் விரிப்பைத் திணித்து மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வரும் ஞாயிறு பரீட்சை, அது மட்டும் எல்லாரும் நேரில் வந்து எழுத வேண்டும், அதற்கு அவள் வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும், அந்த வீட்டில் இன்னொரு தரம் விடுவார்களா. பரீட்சை கிடக்கட்டும், அவளை அடித்தானோ என்னவோ என்று வேறு பயம். போய்ப் பார்க்கலாம் என்றால் விலாசம் கிடையாது. டீச்சரிடமும் இல்லை, ஃபோன் நம்பர்தான் இருக்கிறது, அது அடிக்கிறது, எடுப்பார் இல்லை. யாரும் அவள் வீட்டுக்காரரைத் திட்ட வேண்டாம், திட்டினால் அவளுக்குத்தான் விழும், வழக்கம்போல் எழுதுங்கள் என்றார் டீச்சர். லிஃப்ட் அண்ணன்தான் முதலில் எழுதினார், சுண்டெலி, இந்த வாரப் பாடம் புண்ணுக்குக் கட்டு மாத்துறது, நான் எழுதி வெக்கிறேன், நீ வந்து படிச்சுக்கோ என்று. பிறகு ஒவ்வொருவராக அவளுக்கென்று எழுதினார்கள். நானும் எழுதினேன். பூனைத் தம்பி, பால் கிண்ணம் வெச்சது நான்தான், கோவத்த எம்மேல காட்டு. எனக்கு நாடி பாக்கச் சொல்லிக் குடுத்ததே உம் பொண்டாட்டிதான், அவ கைய மடக்கி வெச்சுடாதய்யா என்று.

இன்று காலை பதில் வந்திருக்கிறது. பரீட்சை எத்தன மணிக்கு, நானே கூட்டிட்டு வரேன், பால் கிண்ணம் வெச்ச அம்மாவப் பாக்கணும். அந்த ஆளேதான் எழுதியிருக்கிறார். அவளிடமிருந்து ஒரு எழுத்துகூட இல்லை. அது கோபமா வேறா என்று அந்த வரியைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன், பிடிபடவில்லை. அப்பாவிடம் காட்டினேன், செருப்பு போடாம போ, ஓட வசதியா இருக்கும் என்கிறார். லிஃப்ட் அண்ணன் என் பக்கத்தில் நிற்பதாக எழுதியிருக்கிறார். நான் போய்ப் பரீட்சை நடக்கிற இடத்து வாசலிலேயே நிற்கப் போகிறேன், வருவது வரட்டும்.

இன்னொன்று, கோபப்படாதே. போன வாரம் மருமகள் பேசும்போது தானும் ஒரு படிப்பில் சேர ஆசை என்றாள். பின்னாலிருந்து உன் குரல் கேட்டது, இப்ப அதுக்கு என்ன அவசரம் என்று. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறதப்பா. அன்றைக்கு மட்டும் எனக்குக் கேலி வரவில்லை. அம்மாவைச் சேர்த்துவிட்ட பிள்ளைதானே நீ.

இது உன் கைக்கு வரும்போது ஞாயிறு போயிருக்கும். இப்போது எனக்குத் தெரியாதது அப்போது உனக்குத் தெரியும். வலைப்பூவைத் திறந்து பார், சுண்டெலி பெயரில் அவளே எழுதின வரி இருக்கிறதா என்று. திறக்கும்போது ஃபோன் மருமகள் கையில் இருக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நெடுநாள் வாழ வேண்டும். காதை மூட மறக்காதே, அவள் பேசும்போது மட்டும் திறந்து வை.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உன் அம்மா