நாம் உட்கார்ந்த இடம்

குழலி,

எல்லோரும் தூங்குகிறார்கள். குளியலறை விளக்கைப் போட்டு எழுதுகிறேன். உங்களிடம் வாங்கிய பைபர் படகில் அப்பா இன்று விடியற்காலை முதல்முறையாகக் கடலுக்குப் போகிறார்.

போன வாரம் வீராம்பட்டினம் கரையில் அப்பா அந்தப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இங்க வாடி, போட்டோ எடுத்துக்கலாம்" என்று என்னை உள்ளே கூப்பிட்டு, துண்டு விரித்து நீ உட்கார்ந்து, உன் பக்கத்தில் என்னையும் உட்காரவைத்தாய். அப்பா உள்ளே வந்து, "கொஞ்சம் எழுந்திருங்கம்மா" என்றார். "ரெண்டே நிமிஷம் மாமா" என்று சொல்லி நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

"பொண்ணுங்க ரெண்டும் இப்பவே போட்டை வாங்கிட்டாங்கப்பா!" என்றார் உன் அப்பா. என் அப்பாவும் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்.

அன்று என் பாவாடையில் நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது. நான் பெரிதாக நினைக்கவில்லை.

நேற்று சாயங்காலம் படகைக் கழுவினேன். நாம் உட்கார்ந்த இடத்தில் பெயிண்ட் உரிந்தது. அடியில் குறுக்காக ஒரு விரிசல், அதன்மேல் ஒட்டு. நகத்தால் தொட்டதற்கே ஒட்டின் ஓரம் தூக்கிக்கொண்டது.

நீ மட்டும் துண்டு விரித்து உட்கார்ந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை. நானும் உங்களோடு சேர்ந்து மறைத்தேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

இருமல் கேட்கிறது. அப்பா எழுந்துவிட்டார். போய்ச் சொல்கிறேன். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இனி வகுப்பில் என் பக்கத்தில் உட்காராதே.

இப்படிக்கு,
அன்று நீ கையைப் பிடித்துக்கொண்டவள்