சாம்பல் பன்றியும் நான் எழுதாத கடிதமும்

ஜனவரி 14, 1788

இந்தக் குறிப்பேட்டில் வரப்போகும் கதையை எவரும் நம்பப்போவதில்லை என்று, ஒபதியா ஆகிய நான், ஒரு கையை வேதபுத்தகத்தின் மேலும் மறு கையை ஆப்பிள் மதுக்குவளையின் மேலும் வைத்து உறுதி கூறுகிறேன். பனி கூரைக்கு மேல் ஏறிவிட்டது. இன்று மதுக்கடைக்குள் புகைபோக்கி வழியாகத்தான் இறங்கினேன்.

என் அக்கா மகன் ஜாபெஸ் எங்கள் ஊர்ப் பிரதிநிதியாகப் பாஸ்டன் மாநாட்டில் இருக்கிறான். அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அரசு அமைக்கும் புதிய சாசனம் வேண்டுமா என்று அங்கே வாக்கெடுக்கப்போகிறார்கள். தன் தங்கை டாமரிஸுக்கு எழுதியிருக்கிறான்: “ஊரார் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள். எனக்கோ உறக்கமே இல்லை. நீ என்ன நினைக்கிறாய்?”

டாமரிஸ் என் வீட்டில்தான் இருக்கிறாள். பெண் என்பதால் ஓட்டு கிடையாது. ஊரிலுள்ள மூளையில் முக்கால் பங்கு அவளிடம்.

ஜனவரி 16

பதில் போயிற்று! “ஆலயம் கட்டியபோது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதற்காகப் பனியிலா நின்றோம்? உள்ளே போனோம். தாழ்ப்பாள் போட்டுத் தருவதாகத் தச்சரிடம் எழுதி வாங்கினோம். நீயும் உள்ளே போ. ஆனால் மக்களின் உரிமைகளுக்கு வாக்குறுதி வாங்காமல் போகாதே” என்று எழுதினாள்.

வெற்றிடத்தோடு தாளை அனுப்புவது எங்கள் குடும்பத்தில் பாவம். அடியில் நான் எழுதினேன்: “சாம்பல் பன்றி மறுபடியும் வேலியை உடைத்துவிட்டது. பலமான கயிறு வாங்கி வா. — ஒபதியா.” என் கையெழுத்தின் வால் தாளைத் தாண்டி மேசையில் நான்கு அடி ஓடியது. அவள் பெயர் போட இடமில்லை.

“பரவால்ல மாமா, என் எழுத்து அவனுக்குத் தெரியாதா?” என்றாள்.

ஜனவரி 30

நான் பிரபலம்! கடிதத்தை ஜாபெஸ் சக உறுப்பினர்களிடம் காட்டியிருக்கிறான். அடியில் என் பெயர் மட்டும் இருக்க, அது அப்படியே செய்தித்தாளில் ஏறிவிட்டது — ‘ஒபதியா என்னும் முதிய விவசாயியின் கடிதம்’. பன்றியோடு!

மதுக்கடைக்கார லெமுவேல், “அந்தச் சாம்பல் பன்னி இங்கிலாந்து ராஜாதானேய்யா?” என்றான்.

“போடா, அது வரி. கயிறுதான் சட்டம்” என்றார் எங்கள் ஆலயத்து டீக்கன்.

நான் மர்மமாகச் சிரித்து வைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று டாமரிஸைக் கேட்டேன். “இப்ப வேணாம். பொம்பளை எழுதினதுன்னா சிரிச்சே தள்ளிடுவானுங்க. ஜாபெஸ் மொதல்ல ஓட்டப் போடட்டும்.”

பிப்ரவரி 9

ஆம் என்று போட்டுவிட்டான்! உரிமைகளுக்கான திருத்தங்களைக் கேட்கும் தீர்மானத்தோடு மாநாட்டில் சாசனமும் ஜெயித்தது. டாமரிஸ் மாவுக் கையோடு என்னைப் பிடித்து மூன்று சுற்று சுற்றினாள். முப்பது என்று எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18

மதுக்கடையில், அந்தக் கடிதத்தை ஒற்றைக் காலில் நின்று ஒரே மூச்சில் எழுதினேன் என்றேன். கைதட்டினார்கள். திரும்பினால் வாசலில் டாமரிஸ், கையில் கூடையோடு. அருகில் வந்து என் காதில் மட்டும் சொன்னாள்:

“ஓட்டுதான் முடிஞ்சிருச்சே. இன்னுமா மாமா? அந்தத் தாள்ல பன்னி மட்டும்தான் உங்களோடது.”

பிப்ரவரி 19

பீன்ஸ் கருகியிருந்தது. என் தட்டில் மட்டும்.

பிப்ரவரி 27

ஊர் நிர்வாகக் குழுவுக்கு என் பெயரை முன்மொழியப்போகிறாராம் டீக்கன்! கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். ரோமாபுரிச் சக்கரவர்த்திதான்.

ஜாபெஸ் சட்டமன்ற வேலையாகப் பாஸ்டனிலேயே தங்கிவிட்டான். அவனிடமிருந்து இரண்டு கடிதம் வந்தும் டாமரிஸ் பதில் எழுதவில்லை. மைக்கூடு காய்ந்து கிடக்கிறது. ஏன்டா ஒபதியா, அவ சண்டை போட்டாலாவது தேவலையே? நீ காய வெச்சதுடா அது.

மார்ச் 3

ஊர்க் கூட்டம். ஆலயத்தில்தான். என் பெயரைச் சொன்னதும் எழுந்தேன். “கடுதாசியை எழுதினது நானில்ல. டாமரிஸ்” என்றேன்.

யாரும் நம்பவில்லை! “ஆரம்பிச்சுட்டான்யா புளுக!” என்று சிரித்தார்கள். என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு உண்மை, அதற்கா இந்தக் கதி? தொண்டை கிழியக் கத்தினேன்: “யோவ், ஆலயம் கட்டினப்ப கதவுல தாழ்ப்பாள் இருந்துச்சா இல்லையான்னு எனக்கெப்படிய்யா தெரியும்? நான் பிரசங்கத்துக்கு வந்து பதினோரு வருஷமாச்சு!”

டீக்கன் மெல்லத் தலையசைத்தார். “பன்னெண்டு.”

பிறகு எழுந்த சிரிப்பில் கூரைப் பனி முழுவதும் சரிந்தது. சிரிப்பு அடங்கியதும் டீக்கன் சொன்னார்: “திருத்தத்தை விட்டுடாதேன்னு ஜாபெஸுக்கு ஊர் சார்பா ஒரு கடுதாசி போகணும். டாமரிஸே எழுதட்டும்.” மறுத்துப் பேச ஆளில்லை. நிர்வாகக் குழுவுக்கு வேறொருவர். என்னையும் விடவில்லை — அவிழ்ந்து திரியும் பன்றிகளைப் பிடிக்கும் அதிகாரியாக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்!

மார்ச் 4

மைக்கூட்டில் புது மை. டாமரிஸ் எழுதி முடித்து, முதலில் தன் பெயரைப் போட்டாள், கொட்டை எழுத்தில். பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள். “ரெண்டு விரல் இடம் இருக்கு மாமா. வாலைச் சுருட்டிக்கிட்டு எழுதுங்க.”

கயிறு இன்னும் வரவில்லை என்று எழுதினேன்.

புகைபோக்கி பொய். நான்கு அடி வாலும் பொய். அளந்து பார்த்தால் ஒன்றரை அங்குலம் தேறும். ஆனால் ஜனவரியில் அந்தத் தாளில் அவள் பெயருக்கு இடம் இருந்தது. என் வால்தான் அதை எடுத்துக்கொண்டது. அந்த ஒன்றரை அங்குலம் மட்டும் உண்மை.