சீஸ் திருடியவளும் கெட்டில் திருடியவளும்

ஹோபார்ட்
மார்ச் 19

அன்புள்ள டெஸ்,

இங்கே நான், உன் அப்பா, கண் மங்கிப்போன நம் நாய், மூவரும் நலம். நீயும் நலம் என்று உன் புகைப்படங்கள் சொல்கின்றன, ஆனால் புகைப்படத்தில் இருமல் கேட்காது, அதனால் நீ எழுதினால்தான் நம்புவேன். மான்செஸ்டரில் இன்னும் குளிர் விடவில்லையாம். நோலீன் அத்தை பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை அழகாக இல்லை என்று எனக்கும் தெரியும், கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள், யார் பார்க்கப்போகிறார்கள்.

தொலைபேசியில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சிக்னெட்டில் கிளைவ் பெரியப்பாவின் ஆப்பிள் தோட்டத்தில் நம் குடும்பக் கூடல் நடந்தது. கிளம்பும்போது பெரியப்பா, "டெஸ்ஸுக்கு நீதான் எழுதணும் ரூத், குண்டத் தூக்கிப் போட்டவ நீ" என்றார். குண்டு இதுதான். ஒரு சீஸ் திருடியதற்காக ஏழு வருடத் தண்டனை பெற்று இந்தத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஹன்னா ஆஷ்வர்த், வெல்லார்ட் குடும்பத்தின் முதல் தாய் என்று முப்பது வருடமாக நாம் கொண்டாடி வந்தவள், நமக்கு எந்த உறவும் இல்லை. உடனே உன் இடது கையைப் பார்த்திருப்பாய். அதற்கும் வருகிறேன், முழுவதையும் படி.

மரீன் பெரியம்மா இறந்துபோன பிறகு பெரியப்பா எப்படி இருந்தார் என்று உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்கப் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடியே ரொட்டி தின்று காலம் தள்ளினார், மரங்களைக் கவாத்து செய்யக்கூட ஆள் வைக்கவில்லை. அவரை எழுந்து நடக்க வைத்தது அந்தக் கல்தான். ஹன்னா புதைக்கப்பட்ட இடத்தில் வெறும் புல்தான் இருக்கிறது, அங்கே ஒரு கல் நட வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை. முப்பது வருடத்துக்கு முன் பழைய கைதிப் பதிவேட்டில் ஹன்னாவைத் தேடிக் கண்டுபிடித்தவளும் பெரியம்மாதானே. கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தைப் பெரியப்பா எனக்கு அனுப்பியிருந்தார். கடைசி வரி, "ஒரு சீஸுக்காக ஏழு ஆண்டுகள்." கூடவே ஒரு குறிப்பு: "நீ படிச்சவ, எழுத்துப்பிழை மட்டும் பாரு. வேற எதையும் நோண்டாத, உன்ன எனக்குத் தெரியும்."

எழுத்துப்பிழை இல்லை. ஆனால் கப்பல் வந்த வருடம் சரிதானா என்று பார்த்துவிடலாமே என்று அலுவலக இடைவேளையில் பதிவேட்டைத் திறந்தேன், இப்போது எல்லாம் திரையிலேயே கிடைக்கிறது. அதே கப்பலில் இரண்டு ஹன்னா ஆஷ்வர்த். எழுத்தர் குழம்பாமல் இருக்க ஒருத்தியை முதல் என்றும் மற்றவளை இரண்டாம் என்றும் எழுதி வைத்திருக்கிறார், குழம்பியது நாம்தான். முதல் ஹன்னா பிரஸ்டன்காரி, வயது இருபத்து மூன்று, சீஸ் திருட்டு, இடது கையில் பச்சை குத்திய ஒரு நட்சத்திரமும் அதன் கீழே ஐந்து புள்ளிகளும். பெரியம்மா பார்த்த பக்கம் அது. பக்கத்தைப் புரட்டினால் மேலே இரண்டே வரி: 1846, கைதிகள் மருத்துவமனையில் நுரையீரல் நோயால் இறந்தாள். நம் வெல்லார்ட் குடும்பத்தின் மூத்த குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது 1848இல். மீன்வளத் துறையில் இருபது வருடமாக இனப்பெருக்கத்தை ஆராய்கிறவள் நான், செத்து இரண்டு வருடமானவள் பிள்ளை பெறமாட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நம்முடையவள் இரண்டாம் ஹன்னா. ராச்டேல்காரி, நூற்பாலையில் வேலை செய்தவள், திருடியது ஒரு செம்புக் கெட்டில். நீதிமன்றக் குறிப்பில் "மூடி கிடைக்கவில்லை" என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். நான்கு மாதம் கப்பலில் வந்து இறங்கியதும் பெண் கைதிகளின் தொழிற்கூடத்தில் துணி வெளுக்கும் தொட்டிக்கு அனுப்பப்பட்டாள், பிறகு ஊரில் ஒரு வீட்டில் வேலைக்காரி. அங்கே அவள் செய்த குற்றங்கள் வரிசையாக இருக்கின்றன: எஜமானியின் காலணியைத் துடைக்கச் சொன்னபோது உங்கள் கை நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டது, அனுமதி இல்லாமல் வெளியே போனது, சமையலறையில் ஆடியது. ஆடியதற்குப் பத்து நாள் தனிமைச் சிறை, ரொட்டியும் தண்ணீரும். வெளியே வந்த அதே மாதம் மறுபடியும் ஆடியது. மறுபடியும் பத்து நாள். 1847இல் மரம் அறுக்கும் ஐசக் வெல்லார்டைக் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டு, கிடைத்து, ஹுவான் ஆற்றுப் பக்கம் போய் ஒன்பது பிள்ளை பெற்று, எழுபதை நெருங்கும் வயதில் செத்தாள். ரத்தத்தில் குணம் இறங்கும் என்பதை நான் நம்புவதில்லை, உனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் காலணி வரியைப் படித்ததும் நோலீன் அத்தையின் குரல் காதில் கேட்டதை மறைக்க முடியாது.

அப்பாவிடம் சொன்னேன். "சீஸா கெட்டிலா, யாருக்கு என்ன? பேசாம இரு, ரூத். அண்ணன் இப்பதான் உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சிருக்கான்" என்றார். நியாயம்தான். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் கல்வெட்டுபவர் அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி வரியைத் தொடங்குவதாக இருந்தது, அதன்பின் அது பொய் என்று தெரிந்த ஒரே ஆளாக வருடாவருடம் அந்தக் கல்லின் முன்னால் நான் நிற்க வேண்டும், அது என்னால் ஆகாது. சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா பழம் கட்டும் கொட்டகையில் இருந்தார். பதிவேட்டின் இரண்டு பக்கங்களையும் காட்டினேன். பெட்டி மேல் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "இவளுக்குக் கல்யாணம்?" இல்லை என்றேன். "பிள்ளை?" இல்லை. "எங்க பொதச்சாங்க?" அது எழுதப்படவில்லை என்றேன். "சரி" என்று எழுந்து மரங்களுக்குள் நடந்து போய்விட்டார். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. நோலீன் அத்தைதான் கூப்பிட்டார். "படிச்ச பொண்ணக் கட்டாதடான்னு என் தம்பி ரோஸ்கிட்ட அப்பவே சொன்னேன், கேட்டானா? பொணத்தக்கூட சும்மா விடமாட்டேங்கிறியே!" எஜமானியின் காலணியை நினைத்துக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் டெஸ், அந்த நாலு நாளும் அந்த இரண்டு பக்கங்களையும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். மரீனின் கடைசி ஆசையை பெரியப்பா கையிலிருந்து பிடுங்கிவிட்டேனோ என்றிருந்தது.

வியாழக்கிழமை காலை பெரியப்பா கூப்பிட்டார். எடுத்ததும் ஒரே சத்தம், அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை, பிறகுதான் புரிந்தது. "ரூத், முப்பது வருஷமா அடுத்தவங்க வீட்டுப் பொம்பளையத் தூக்கிட்டு வந்து வச்சிருக்கோமே! திருட்டுக் குடும்பம்னா இதான்!" சிரித்து முடித்த பிறகு குரல் மாறியது. "அந்தச் சீஸ் திருடினவளுக்குன்னு ஒருத்தரும் இல்ல. எனக்கும் மரீனுக்கும் பிள்ளை இல்ல. ஒவ்வொரு வருஷமும் இவ பேரச் சொல்லித்தான் அவ மொதல் கோப்பைய எடுப்பா. இப்பப் போயி நீ எங்க ஆளு இல்லன்னு வெளிய தள்ளச் சொல்றியா? கல்லுல எடம் இருக்கு. ரெண்டு பேரையும் போட்டுருவோம். வாசகத்த நீயே எழுது. இந்தத் தடவ என்ன வேணாலும் நோண்டிக்க." எழுதினேன். கல்வெட்டுபவர் இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டார், கூடலுக்கு முதல் நாள்தான் கல் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை. நாற்பத்தொரு பேர் மழைக் கோட்டோடு கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். பெரியப்பா துணியை விலக்கினார். மேலே: "ஹன்னா வெல்லார்ட், பிறப்பில் ஆஷ்வர்த். ஒரு கெட்டிலுக்காக ஏழு ஆண்டுகள். இங்கே உறங்குகிறாள்." கீழே: "அதே கப்பலில் வந்த இன்னொரு ஹன்னா ஆஷ்வர்த். ஒரு சீஸுக்காக ஏழு ஆண்டுகள். எங்கே உறங்குகிறாள் என்று தெரியாது. அவளும் எங்களவள்." பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கும் முன் நோலீன் அத்தை கைப்பையிலிருந்து ஒரு பழைய பாத்திர மூடியை எடுத்து உயர்த்தி, "கெடச்சிருச்சு!" என்று கத்தினார். அதைப் பார்த்த பிறகு யாராலும் கண்ணீர் விட முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், பெரியப்பாவின் சமையலறையில் அப்படி ஒரு சத்தம் எழுந்தது, பக்கத்துத் தோட்டக்காரர் தீ விபத்தோ என்று ஓடிவந்தார். பெரியப்பா ஆடினார் டெஸ். முழங்கால் வலிக்காரர், மேசையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். பத்து நாள் சிறைக்கு நிச்சயம் தகுதியான ஆட்டம்.

வழக்கம்போல மேசையில் சீஸும் இருந்தது, அதை மாற்ற ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியப்பா கண்ணில் படாமல் அதைத் திருட வேண்டும், மாட்டிக்கொள்பவர் எல்லாப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான். மூன்று பேர் மாட்டினார்கள், அப்பாவும் ஒருவர். சாப்பாடு முடிந்து பார்த்தால் தட்டு காலி. ஆளாளுக்குச் சந்தேகப்பட்டு ஒருவர் கோட்டை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். என்னை ஒருவரும் தடவவில்லை. இருபத்தைந்து வருடமாக மூலையில் நின்று இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று முகத்தை வைத்துக்கொண்டிருந்தவள்மேல் யாருக்குச் சந்தேகம் வரும். ஹோபார்ட் வந்து காரை நிறுத்தியதும்தான் மழைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்து அப்பா மடியில் வைத்தேன். சிரிப்பு அடங்காமல் அவர் பத்து நிமிடம் காரைவிட்டு இறங்கவில்லை.

இனி உன் கை. நீ அந்த நட்சத்திரத்தையும் ஐந்து புள்ளிகளையும் குத்திக்கொண்டு வந்த அன்று நான் எப்படிப் பேசினேன் என்று இரண்டு பேருக்கும் நினைவிருக்கிறது. ஐந்து புள்ளி ஐந்து உடன்பிறப்புகள் என்று நீ சொன்னாய், ஆதாரம் எங்கே என்று நான் கேட்டேன். ஆதாரம் இன்றும் இல்லை. அவளுக்கு யார் குத்திவிட்டார்கள், ஏன் ஐந்து, எதுவும் தெரியாது, தெரியவும் போவதில்லை. அழித்துவிடலாமா என்று நீ யோசிப்பாய், இப்போதெல்லாம் அழிக்க முடியுமாமே. அழிக்காதே. ஒன்பது பிள்ளை பெற்றவளுக்கு நாம் நாற்பத்தொரு பேர் மூடி தட்டினோம். இவளுக்குச் சொந்தமாக இந்த உலகத்தில் இருந்த அடையாளம் அந்த நட்சத்திரமும் ஐந்து புள்ளிகளும்தான், அது இப்போது இருப்பது உன் கையில் மட்டும். அன்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதை அடிக்கடி எதிர்பார்க்காதே.

பிரஸ்டனுக்குப் போய் அவள் தெருவில் நீ வைத்த பூ வீணில்லை, முடிந்தபோது இன்னொரு முறை வை. ராச்டேலுக்கும் ஒரு நாள் போய் வா, குடை எடுத்துக்கொள், காலை உணவைத் தவிர்க்காதே, இருமல் ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் மருத்துவரிடம் போ. நல்ல உடம்பும் நல்ல நண்பர்களும் வேண்டிய அளவு வாய்த்துடுக்கும் உனக்கு எப்போதும் இருக்கட்டும். சீஸ் யார் கையில் என்று பெரியப்பா உன்னிடம் கேட்பார், உனக்கு எதுவும் தெரியாது.

அன்புடன்,
உன் அம்மா
ரூத் வெல்லார்ட்