தம்பியின் பெயரில் நட்ட கன்று

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு படுத்தபடியே என் உயிரை வாங்குகிறார்.

விஷயம் இதுதான். சண்டை நடந்த ஏரிக்கரையை நினைவுத் தோட்டம் ஆக்கியிருக்கிறார்கள் அல்லவா? இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மரக்கன்று. அந்தந்த வீட்டார்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்துபோனால் பிடுங்கிவிட்டு வேறு குடும்பத்துக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். அங்கே உன் தம்பிக்கும் ஒரு கன்று நட்டிருக்கிறார் உன் அப்பா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! சாயங்கால நடை என்று இத்தனை நாள் போனது இதற்குத்தான். விழுந்த பிறகு வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்.

காணவில்லை என்றுதானே பட்டாளத்தில் சொன்னார்கள்? அந்த இன்னொரு வார்த்தையை யாராவது சொன்னார்களா? கத்தித் தீர்த்தேன். அவர், "எனக்கு உக்காந்து அழ ஒரு இடம் வேணும்டி" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பிடுங்கி எறியத்தான் போனேன். முழங்கால் உயரம்கூட இல்லை, இலையெல்லாம் தொங்கிப்போய் நிற்கிறது. மனசு வரவில்லை. மறுநாள் குடத்தோடு போனேன். இந்தப் பக்கக் கன்றுக்கு ஊற்றினேன், அந்தப் பக்கத்துக்கு ஊற்றினேன், நடுவில் இருப்பதற்கு மட்டும் கை போகவில்லை. புருஷனுக்குக் கன்று வைத்திருக்கும் தையற்காரி பார்த்துவிட்டு, "நான் ஊத்தட்டுமாக்கா?" என்றாள். நல்லெண்ணத்தில்தான் கேட்டாள். "உன் வேலையைப் பாத்துட்டுப் போடி" என்று எரிந்து விழுந்துவிட்டேன். ஏரியில் கொக்குகள் வந்து இறங்குகின்றன. சண்டை நடந்த இடம் என்றால் நம்பமாட்டாய், அப்படி ஓர் அமைதி.

வீட்டுக்கு வந்தால் அப்பா, "ஊத்தினியா?" என்கிறார். ஊற்றினேன் என்று பொய் சொல்கிறேன். மழை வரும் வழியாகத் தெரியவில்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, கண்ணு. ஊற்றினால் என் பிள்ளையை நானே வழியனுப்பிவைத்த மாதிரி. ஊற்றாவிட்டால் அதையும் சாகவிட்ட பாவி ஆகிவிடுவேன்.

லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லாதே. வா. வந்து நீ ஊற்று. உன் கையால் ஊற்றினால் அது வெறும் செடிதான். அது பிழைத்தால் போதும், வேறொன்றும் உன்னிடம் கேட்கமாட்டேன்.

நீயாவது நூறு வயது நன்றாக இரு.

உனக்கும் தம்பிக்கும்
அம்மா