பொருந்தாது என்று நான் எழுதிய கட்டம்

ஏட்டி,

நேற்றுக் காலை அழகு நிலையத்துக்குப் போயிருந்தேன். நரை காதுக்கு மேலே ஏறிவிட்டது. அடுத்த வாரம் தங்கை மகளுக்குக் கல்யாணம். கழுத்தில் துண்டைக் கட்டி உட்காரவைத்துவிட்டு, அங்கிருந்த பெண் சாயக் குழாயைத் திறந்து கிண்ணத்தில் பிதுக்கினாள். அந்த வாடை மூக்கில் ஏறிய அடுத்த நொடி நான் தெருவில் நின்றேன். கதவைத் திறந்தது நினைவில்லை. படியிறங்கியது நினைவில்லை. கழுத்துத் துண்டோடு, செருப்பில்லாமல், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வேப்பமரத்து இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, என்னாச்சு? வெறும் டைதானே அக்கா!"

வெறும் டைதான். அதில் துளி அம்மோனியா இருக்கிறது, அவ்வளவுதான். அதே நரையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். 

நம் வேலை என்ன என்று நம் வீடுகளில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. முட்டத்தில் உன் அம்மா எல்லாரிடமும், "எனக்க மவ லாரிக்குப் படிச்சிருக்கா" என்றுதான் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை. லாரியில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். வண்டி எங்கே போகிறது, என்ன ஏற்றியிருக்கிறது, சாய்ந்ததா, மோதியதா என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதியை நம் கம்பெனியின் மென்பொருள் வாங்கி, லாரிகளுக்கென்று ஒரு தனியார் நிறுவனம் நடத்திய அவசர மையத்துக்கு அனுப்பும். அங்கே வேறொரு கம்பெனியின் மென்பொருள் அதைத் திரையில் காட்டும். எல்லாரும் ஒரே தரநிலைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்தோம் என்று சத்தியம் செய்வார்கள். அந்தச் சத்தியம் மெய்தானா என்று சோதிப்பதுதான் நாகர்கோவில் மாடி அலுவலகத்தில் உனக்கும் எனக்கும் சோலி.

உனக்கு எல்லாவற்றுக்கும் பயம். லிஃப்டில் ஏறமாட்டாய். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரமாட்டாய். சோதனைத் தாளில் 'பாஸ்' என்று எழுதுவதற்கு முன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எனக்குப் பேடியா இருக்கு மக்கா, இன்னொரு மட்டம் பாத்திருவோம்" என்பாய். நான் சிரிப்பேன். குழுவுக்குத் தலைமை நான். துணிச்சல்காரி என்று எனக்குப் பெயர். உன்னைப் பயந்தாங்குளி என்று கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி.

அந்த மாசி மாதம் நீ ஒரு கட்டத்தில் 'தோல்வி' என்று எழுதினாய். ஆபத்தான சரக்குக்கான கட்டம். நாம் அனுப்பும் குறியீட்டில் எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் இருக்கும். மையத்தின் பட்டியலில் வெறும் எண் மட்டும். நம் பக்கத்தைத் தனியாகச் சோதித்தால் சரி. அவர்கள் பக்கத்தைத் தனியாகச் சோதித்தாலும் சரி. இரண்டையும் சேர்த்து ஓட்டியபோதுதான் நீ கண்டுபிடித்தாய்: அந்த இரண்டு எழுத்து அவர்களுக்குப் புரியாது. புரியாததைப் புரியவில்லை என்று அவர்கள் திரை காட்டவும் காட்டாது. 'பொதுச் சரக்கு' என்று காட்டிவிடும்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்லா? இது கள்ளம் சொல்லுகு" என்றாய்.

"ரெண்டு வாரத்துல திருத்திருவாங்கடி. இப்பம் ஓடப்போறது மீன் லாரி மட்டும்தான்."

"ஐஸ் கம்பெனிக்கு என்ன வண்டி வரும்னு உனக்குத் தெரியுமா?"

 திங்கட்கிழமை வெள்ளோட்டம், தாள் முடிந்ததா என்று மேலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார். நீ வீட்டுக்குப் போன பிறகு உன் கட்டத்தை அடித்து, 'பொருந்தாது' என்று மாற்றினேன். அப்படி எழுதினால் அந்தச் சோதனை இந்த வெள்ளோட்டத்துக்குத் தேவையில்லை என்று பொருள். ஒரே ஒரு சொல். கீழே ஒப்பு போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சமும் பயமில்லை, தெரியுமா? இன்றைக்கு நினைத்தால் அதுதான் எனக்குப் பெரிய பயம்.

வெள்ளோட்டம் தொடங்கி நாலாம் நாள் முட்டத்தில் ஐஸ் ஆலையின் முற்றத்தில் நாம் உட்கார்ந்திருந்தோம். காலை பதினொரு மணி வெயில். களியக்காவிளை வழியாக ஒரு லாரி அந்த ஆலைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அது வந்ததும் பெட்டியைச் சோதிக்க வேண்டும். என்ன ஏற்றி வருகிறது என்று நான் கேட்டிருக்கவே இல்லை. ஆலைக்காரர்தான் போகிற போக்கில் சொன்னார், "சிலிண்டர் வண்டி மேடம், ஐஸ் உறையப் போடுற அம்மோனியா."

நீ என்னைப் பார்த்தாய். "தோல்வின்னு போட்டதுக்கப்புறமும் எதுக்கு இந்த வண்டிய சேர்த்தாங்க?" என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் மடிக்கணினியில் சிவப்பு விளக்கு.

மணவாளக்குறிச்சி தாண்டி ஒரு வளைவில் வண்டிப் புள்ளி நின்றுவிட்டது. 'வாகனம் சாய்ந்தது' என்று பெட்டி சொன்னது. திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சன்னல்கள். நம்முடையதில் 'அம்மோனியா'. மையத்தினுடையதில் 'பொதுச் சரக்கு'. கீழே, 'தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் அளிக்கப்பட்டது.'

அந்த நொடியில் நான் என்ன செய்தேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். மடிக்கணினியை மூடினேன். வண்டிக்குள் கிடக்கும் ஆள் என் நினைவுக்கு வரவில்லை. சோதனைத் தாள்தான் வந்தது.

நீ மையத்துக்குப் போன் போட்டாய். ஒலிபெருக்கியில் வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"எங்க ஸ்கிரீன்ல பொதுச் சரக்குன்னுதான் இருக்கு மேடம்."

"உங்க ஸ்கிரீன் தப்பு. அது அம்மோனியா. ஃபயர்காரங்களுக்குச் சொல்லுங்க, மாஸ்க் இல்லாம போகப்பிடாது!"

"ஆனா இந்த டெஸ்ட் பொருந்தாதுன்னு உங்க கம்பெனிதானே மேடம் ஒப்பு போட்டுக் குடுத்திருக்கு?"

அப்போதுதான் உனக்குத் தெரிந்தது. நீ என் பக்கம் திரும்பினாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். "வண்டியை எடு" என்றாய். அவ்வளவுதான்.

ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன்.  பின்னாலிருந்து நீ முணுமுணுத்தது மாதாவுக்கான செபமா, எனக்கான வசவா என்று இன்றுவரை தெரியாது. வளைவுக்கு முன்னாலேயே வாடை வந்துவிட்டது. கண்ணுக்குள் ஊசி இறங்கியதுபோல இருந்தது. சாலையோரப் பள்ளத்தில் லாரி ஒருக்களித்துக் கிடந்தது. அதன் வயிற்றிலிருந்து வெள்ளையாக, பனிபோல, புகை தரையோடு ஊர்ந்து வந்தது. அதைச் சுற்றி ஜனம். நின்றுபோன பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், மீன்கூடையோடு பெண்கள். ஓட்டுநரை இழுக்கப் போன ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு தள்ளாடித் திரும்பி வந்தார்.

நான் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ ஓடினாய். லிஃப்டில் ஏறாத நீ. சேலைத் தலைப்பைத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, உன் கடற்கரைக் குரலில் கத்தினாய்.

"கடல் பக்கம் ஓடுங்க! காத்து கடல்ல இருந்துதான் வருது, அங்ஙன ஓடுங்க! வீட்டுப் பக்கம் போகாதீங்க! துணிய நனச்சு மூக்குல கட்டுங்க!"

உன் அப்பா ஐஸ் ஆலையில் வேலை பார்த்தவர் என்பதால் உனக்கு அது தெரிந்திருந்தது. ஜனம் கலைந்தது. உருண்ட லாரிக்குள் கிடந்தவருக்குக் கேட்கும்படி நீ இடைவிடாமல் பேசிக்கொண்டே இருந்தாய்: "அண்ணே, மூச்சை மெள்ள விடுங்க. கண்ணைத் திறக்காதீங்க. ஆள் வருகு. நான் இஞ்சதான் நிக்கேன்."

தீயணைப்பு வண்டி வந்தபோது நீ சாலைக்கு நடுவே கையை விரித்து நின்றாய். வண்டி உன் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முகமூடி இல்லாமல் இறங்கப்போன தீயணைப்பு அலுவலர் கத்தினார்.

"வழி விடும்மா! சாதாரணச் சரக்குன்னுதான சொன்னாவ?"

"அம்மோனியா சார்! சொன்னது தப்பு. எங்க தப்பு."

'எங்க' என்றாய். உன் தப்பு அதில் கடுகளவும் இல்லை.

அவர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு, தண்ணீரைத் திரையாகப் பீய்ச்சிக்கொண்டே உள்ளே போய் ஓட்டுநரை எடுத்தார்கள். அவர் பிழைத்தார். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் பாதிதான் மிச்சம். அந்த அலுவலர் பிறகு உன்னிடம் வந்து, "நீங்க நிக்கலன்னா நாங்க மூணு பேரும் உள்ளயே கெடந்திருப்போம்" என்றார். நீ சாலையோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாய்.

மறுநாள் காலை அலுவலகத்தில் என் மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாய். உன் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. பேச்சுக்குப் பேச்சு இருமல்.

"எழுது" என்றாய்.

"வேலை போயிரும்டி."

"போட்டும். ரெண்டு பேருமா மீன் விக்கப் போவோம். எங்க அம்மைக்க கூடை ரெண்டு இருக்கு."

"நீ சொல்லிருவியா?"

"நீ எழுதலன்னா சொல்லுவேன். ஆனா நீயே எழுதினாத்தான் எனக்கு ஒறக்கம் வரும்." பேனாவைத் திறந்து நீட்டி, "எனக்கும் பேடியாத்தான் இருக்கு. நான் பக்கத்துல இருக்கேன், எழுது" என்றாய்.

கட்டத்தை மாற்றியது நான்தான் என்று நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. எழுதி முடிக்கும்வரை நீ என் நாற்காலிக் கைப்பிடியை விடவில்லை. மேலாளர் அதைப் படித்தார். வெள்ளோட்டம் நின்றது. விசாரணைக்கு வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகவில்லை, ஒப்பு போடும் உரிமை போனது. அது உன் கைக்கு வந்தது. அந்த இரண்டு எழுத்தை நீக்க எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்கு நினைவிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது.

உன் இருமல் மட்டும் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து நெஞ்சு வலி என்று படுத்தாய், மூன்றே நாள். அந்தப் புகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். உன் அம்மாவும் அதையே சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தலையாட்டினேன். சில நாள் நம்புகிறேன். சில நாள் பஸ்ஸில் யாராவது இருமினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறேன்.

நீ போன பிறகு ஒப்பு போடும் பேனா மறுபடியும் என்னிடம் வந்தது. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இப்போது பள்ளி வேன்களுக்கான பெட்டி சோதிக்கிறோம். பிள்ளை ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் எந்த வேன், எந்த ஊர் என்று எதிர்ப்பக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்து ஓட்டாமல் நான் எழுதுவதில்லை. புதிதாக வந்தவர்கள் எனக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். 'பொருந்தாது' என்ற சொல்லை எங்கே கண்டாலும், காய்கறிக் கடைத் தள்ளுபடிப் பலகையில் கண்டாலும்கூட, நின்று இன்னொரு மட்டம் வாசிக்கிறேன்.

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். இத்தனை நாள் செய்யத் துணியாத காரியம். பஸ் ஏறி, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து அந்த ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே சிறிய ஓட்டு வீடு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் யார், என்ன எழுதினேன், எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். அடிப்பாரோ, ஏசுவாரோ, எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்று போயிருந்தேன். அவர் கையால் முழங்காலைத் தடவினார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு வெளிய நின்னு எங்கிட்ட வர்த்தமானம் பேசிட்டே இருந்த ஒரு சேச்சி உண்டுல்லா? அவங்களுக்குச் சுகந்தானே?"

 நீ இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "சுகம்தான்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் காணல்ல. அந்த சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். நான் விசாரிச்சதாட்டு சொல்லணும், கேட்டியளா?"

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். யாரிடம் கொடுப்பது, எந்த வழியாக அனுப்புவது என்று தெரியவில்லை.

அவர் விசாரித்தார், மக்கா. சொல்லிவிட்டேன். இது உன் பக்கம் வந்து சேர்ந்ததா என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு வழியும் இல்லை. எனக்குப் பேடியா இருக்கு.